மரியாவின் தாய்மாமன்

"நான் மாதாவைப் போல வாழப் போறேன்" என்று சொல்லிப் பிபியானா கன்னியர் மடத்தில் சேர்ந்தபோது ஊரிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவர் அவளுடைய தாய்மாமன் மெல்கியோர்தான். எதற்காக அப்படிச் சந்தோஷப்பட்டார் என்பது இரண்டு வருஷம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலையில்தான் விளங்கியது.

சனிக்கிழமை மடத்தில் துவைக்கிற நாள். பிபியானாவும் அவளோடு துறவறப் பயிற்சியில் இருந்த மற்ற நவகன்னியரும் முழங்கை வரை நுரையோடு நின்றிருந்தபோது, மாமா ஒரு தார் வாழைப்பழத்தைத் தோளில் போட்டுக்கொண்டு மேடேறி வந்தார். ஈரப்பலா மரத்தடியில் தாரை இறக்கி வைத்தார். பையிலிருந்து பாக்கை எடுத்து உடைத்து வாயில் போட்டார். வெற்றிலைக்குப் பதிலாக அங்கே மெல்லுகிற கொடிக்காயைச் சுண்ணாம்பில் தொட்டு ஒரு கடி கடித்தார். வாய் சிவக்கும் வரை ஒன்றும் பேசவில்லை. மெல்கியோர் மாமா பேசாமல் இருந்தால் பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

"பிபி, உனக்கு முன்மாதிரி யாரு?"

"மாதா, மாமா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. வேற யாரும் புனிதை கினிதை இல்லியே?"

"இல்ல மாமா. மாதாதான்."

"அப்பச் சரி. மாதாவுக்கு எத்தனை பிள்ளை?"

பிபியானாவுக்கு அப்போதுதான் ஏதோ பொறி தட்டியது. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க அவளுக்கு வராது. "ஒண்ணு" என்றாள்.

"நீயும் ஒண்ணு பெத்துட்டு வந்துடு. நான் கேக்கிறது அவ்வளவுதான். ரெண்டு மூணுன்னு கேக்கல, எனக்குப் பேராசை கிடையாது. பொம்பளப் பிள்ளையா ஒண்ணே ஒண்ணு. பால் குடி மறக்கிற வரைக்கும் வீட்டுல இரு. அப்புறம் நானே உன்னைக் கூட்டிக்கிட்டு வந்து இதே மரத்தடியில விட்டுட்டுப் போறேன்."

கொடியில் காய்ந்த வெள்ளைத் துணிகள் எல்லாம் குலுங்கின. காற்றில்லை. பின்னால் நின்ற பெண்கள் சிரித்த சிரிப்புதான்.

நவகன்னியரின் தலைவி சிஸ்டர் தெக்லா துணிகளை விலக்கிக்கொண்டு வந்தார். கடுகு போல ஆள், கடுகு போலவே பேச்சு. "மெல்கியோர் அண்ணே, மாதாகிட்ட வானதூதர் வந்து சொன்னாரு, பெத்தாங்க. உங்ககிட்ட யாரு வந்து சொன்னா?"

"எங்கிட்ட யாரும் வரல சிஸ்டரம்மா. உங்க மடத்துக்கு வான்னு இவகிட்டயும் யாரும் வரலியே."

சிஸ்டர் தெக்லா ஒரு பழத்தைப் பிய்த்துத் தின்றார். அது அவர் தோற்றதற்கு அடையாளம்.

சிரிப்பு அடங்கினதும் பிபியானா நாளை எண்ணினாள். ஆகஸ்ட் பதினைந்து, மாதாவின் விண்ணேற்புத் திருநாளில் அவளுக்கு முதல் வார்த்தைப்பாடு, துறவியாக வாழ்வேன் என்று வாக்குக் கொடுக்கும் சடங்கு. இன்னும் மூன்று வாரமே இருந்தது. அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பெண் தன் வாயால் "வருகிறேன்" என்றால் அது பாதிதான். அவளுடைய தாய்மாமன் கோவிலில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று "கொடுத்தோம்" என்று சொன்னால்தான் மீதிப் பாதி. மாமா எழுந்திருக்கவில்லையென்றால் பிபியானா முக்காட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீடு போய்ச் சேர வேண்டியதுதான்.

மாமாவையும் குறை சொல்ல முடியாது. பூகன்வில் தீவில் நிலம் பெண்ணுக்குத்தான், குலம் பெண் வழியில்தான். பிபியானாவும் அவள் அம்மா அப்பொலோனியாவும் இருவாச்சிப் பறவையின் குலம். கொவா ஓடைக்கு இந்தப் பக்கம் இருக்கிற தோட்டங்கள் முழுக்க இருவாச்சி நிலம். அப்பொலோனியாவுக்கு மூன்று பையன்களும் ஒரே பெண்ணும். பையன்களின் பிள்ளைகள் அவரவர் அம்மா குலத்துக்குப் போய்விடும். பிபியானா மடத்துக்குப் போனால் இருவாச்சி வீட்டில் அப்பொலோனியாவோடு கதை முடிந்தது. தாய்மாமன் என்றால் அக்காள் வழிக்குக் காவல்காரன். தன் காவலில் வழி அற்றுப்போனது என்ற பேச்சை எந்த மனிதர் தாங்குவார்?

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மாமாவின் வீட்டிலேயே ஆறு பெண்கள். மாமாவின் மனைவி கிரெசென்சியா அத்தை கழுகுக் குலம், ஆகவே ஆறும் கழுகு. "என் வீடு நிறையப் பொண்ணு, என் குலத்துக்கு ஒண்ணும் இல்ல. கடல்ல உக்காந்துக்கிட்டுத் தாகத்துல சாகிறவன் நான்" என்பார்.

பிபியானா முதலில் பங்குச் சாமியாரைப் பிடித்தாள். ஃபாதர் கெரெங்கா மலைநாட்டிலிருந்து வந்தவர். அங்கே எல்லாம் அப்பன் வழி. அவர் விவிலியத்தைத் தூக்கிக்கொண்டு போய், மத்தேயு எழுதிய இயேசுவின் வம்ச வரிசையை மாமாவுக்கு முதலிலிருந்து கடைசி வரை வாசித்துக் காட்டினார். ஆண்டவர் திட்டத்தில் ஒரு வம்சம் எப்படி நடக்கிறது என்று காட்ட நினைத்தார் பாவம்.

மாமா பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து, "ஃபாதர், இத்தனை பேரை எண்ணிக் கடைசியில யார்கிட்ட வந்து நிக்கிறீங்க?" என்றார்.

"யோசேப்புகிட்ட."

"அவரு பெத்த அப்பா இல்லன்னு நீங்களே கிறிஸ்மசுக்குக் கிறிஸ்மஸ் சொல்றீங்க. அப்புறம் எதுக்கு அவரோட பாட்டன் பூட்டனை எண்ணிக்கிட்டு வரணும்? தப்பான பக்கத்தை எண்ணியிருக்காங்க. மரியா என்ன குலம்? அவங்க அம்மாவோட அம்மா யாரு? அதை வாசிங்க."

ஃபாதர் முன்னாலும் பின்னாலும் புரட்டினார். "அது எழுதல."

"ஏன் எழுதல? மரியாவுக்கு அப்புறம் அந்த வீட்டுல பொண்ணு இல்ல. பேர் சொல்ல ஆள் இல்லாத குலத்தை யாரு எழுதுவா? ஃபாதர், நீங்களே எனக்குச் சாட்சி சொல்லிட்டீங்க. பாக்குப் போடுங்க."

ஃபாதர் பாக்குப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். மாமா சொன்னதை அவர் அப்படியே ஒப்பித்தபோது பிபியானாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மரியா என்ன குலம் என்று அவள் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. 'ஆகட்டும்' என்று மரியா சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் அவளை மடத்துக்குக் கூட்டி வந்தது. அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒரு வீடு இருந்திருக்கும், அந்த வீட்டில் யாராவது கவலைப்பட்டிருப்பார்கள் என்பது இப்போதுதான் உறைத்தது.

"சிஸ்டர், மாதாவுக்குத் தாய்மாமன் இருந்தாரா?" என்று சிஸ்டர் தெக்லாவிடம் கேட்டாள்.

"இருந்திருந்தா சுவிசேஷம் இன்னும் நீளமா இருந்திருக்கும்" என்றார் சிஸ்டர். பிறகு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பிபியானா, நீ மூணு நாள் வீட்டுக்குப் போ. நானும் கூட வரேன். மாதா எலிசபெத்தம்மா வீட்டுக்குப் போனாங்களே, பிரசங்கம் பண்ணவா போனாங்க? தண்ணி தூக்கினாங்க, கிழங்கு உரிச்சாங்க. நீயும் அதைச் செய். இந்த விஷயத்தைப் பத்தி மூணு நாளைக்கு வாய் திறக்கக் கூடாது."

"மூணு நாளா, சிஸ்டர்?"

"மூணாம் நாள் மத்தியானம் திரிகால ஜெப மணி அடிக்கிற வரைக்கும். கீழ்ப்படிதல்னு ஒரு வார்த்தைப்பாடு கொடுக்கப் போறியே, அதை வீட்டுலயே ஒரு தடவை போட்டுப் பாரு, அளவு சரியா இருக்கான்னு."

கேட்டுக்கொள்ளுங்கள், பிபியானாவுக்கு இது சாதாரணத் தண்டனை இல்லை. கோவிலில் கேட்ட செய்தி சமையலறை வரை அவள் வாயில் தங்காது. 'மரியா இவற்றையெல்லாம் தன் உள்ளத்தில் வைத்துச் சிந்தித்தாள்' என்று விவிலியத்தில் வரும் இடத்தில், மற்றப் பெண்கள் எல்லாரும் திரும்பி அவளைப் பார்ப்பது மடத்தில் வாடிக்கை.

முதல் நாள் மாமா வேண்டுமென்றே வந்து சீண்டினார். "என்ன பிபி, மாப்பிள்ளை பார்க்கவா? ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பையன் இருக்கான். காது கொஞ்சம் மந்தம். உன் பேச்சுக்கு அவன்தான் பொருத்தம்."

பிபியானா நாக்கைக் கடித்துக்கொண்டு கிழங்கு உரித்தாள். சிஸ்டர் தெக்லா, உரித்த கிழங்கை இடித்துத் தேங்காய்ப்பாலில் புரட்டின உருண்டைகளை ஒவ்வொன்றாக ருசி பார்த்துக்கொண்டே இவளைக் காவல் காத்தார்.

அம்மா அப்பொலோனியா இரண்டு பக்கமும் பேசவில்லை. மகள் மேலும் ஆசை, தம்பி மேலும் பாசம். நடுவில் உட்கார்ந்து எல்லாருக்கும் கிழங்கு பரிமாறினாள். அவள் தட்டில் கை போட்டுத் தின்றுகொண்டிருந்தது மாமாவின் கடைசிப் பெண் செராபினா. ஒன்பது வயது. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு அப்பொலோனியா அத்தை வீட்டுச் சோறுதான் சோறு. ராத்திரி தூங்குவதற்கு மட்டும் கழுகு வீட்டுக்குப் போவாள், அதுவும் தேடி வந்தால்.

இரண்டாம் நாள் காலை பிபியானா ஓடைப் பக்கத்துத் தோட்டத்தில், பயற்றங்கொடிகளுக்கு நடுவில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் மாமா குரல் கேட்டது. எட்டிப் பார்த்தாள். செராபினா இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். அவள் காலடியில் முழ உயரத்துக்கு ஒரு பாக்குக் கன்று. அவளே கொண்டுவந்து நட்டிருக்கிறாள்.

"இது இங்க வேணாம் கண்ணு" என்றார் மாமா.

"இங்கதான் தண்ணி இருக்கு."

"கிழங்கு வேணும்னா போடு. கிழங்கு ஆறு மாசத்துல முடிஞ்சுபோகும். மரம் வைக்கக் கூடாது. மரம் வச்சவங்களுக்கு நிலத்துல பாத்தியதை வந்துடும். இது இருவாச்சி நிலம். நீ கழுகு."

"நான் எப்பவும் இங்கதானே இருக்கேன்."

மாமா குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கத்தியை எடுக்கவில்லை, வெறும் விரலால் கன்றைச் சுற்றி மண்ணை இளக்கினார். ஒரு வேர் அறாமல், தூங்குகிற பிள்ளையைத் தூக்குவது போலக் கன்றை மண்ணோடு தூக்கி, சேம்பிலையில் சுற்றினார். கன்று அவர் ஒரு கையில், மகள் மறு கையில். இரண்டு பேரும் ஓடையைத் தாண்டிப் போனார்கள்.

பிபியானா பயற்றங்கொடிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கு முழுதும் புரிந்தது. இப்படி ஒரு வழி இருக்கிறது, எல்லாருக்கும் தெரியும். பெண் அற்ற வீடு வேறு குலத்துப் பெண் ஒருத்தியைக் கேட்டு, பன்றி அடித்து, ஊர் கூட்டி, தன் குலத்துப் பிள்ளையாக ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் மெல்கியோர் மாமா வாயால் அதைச் சொல்ல முடியுமா? சொன்னால் ஊர் என்ன பேசும்? 'அக்காள் நிலத்தைத் தன் சொந்த மகளுக்கு வளைச்சுப் போட்டான் பாரு காவல்காரன்' என்று பேசும். ஆகவே அவர், நடக்கவே நடக்காத ஒரு மாதாப் பிள்ளையைக் கேட்டு மேடேறி வந்து கத்திக்கொண்டிருந்தார்.

விவிலியத்தில் வரும் கானாவூர்க் கல்யாணம் அவள் நினைவுக்கு வந்தது. திராட்சை ரசம் தீர்ந்துபோனதைக் கல்யாண வீட்டுக்காரர் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார், வெட்கக்கேடு. மரியாதான் பார்த்தாள். பார்த்து, அவர்களுக்காக மகனிடம் 'ரசம் தீர்ந்துபோச்சு' என்று ஒரே ஒரு வரி சொன்னாள். அப்புறம் ஒதுங்கிக்கொண்டாள்.

உடனே ஓடிப்போய் அந்த ஒரு வரியைச் சொல்லிவிட வேண்டும் என்று பிபியானாவுக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. மறுநாள் மத்தியானம் வரை வாய்ப்பூட்டு. அன்று ராத்திரி அவள் புரண்டு புரண்டு படுத்ததைப் பார்த்து அம்மா சுக்கு நீர் போட்டுக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் மாமா வீட்டில் எல்லாருக்கும் சாப்பாடு. வாழையிலை விரித்து, சுட்ட மீனும் கிழங்கும் கீரையும் வைத்திருந்தார்கள். பிபியானா ஒரு வாய் தின்னவில்லை. காதைக் கோவில் பக்கம் வைத்து உட்கார்ந்திருந்தாள். கோவிலில் மணி என்று தொங்குவது சண்டைக் காலத்து வெடிகுண்டின் வெற்றுக் கூடு. கடைசியில் அது டங்கென்று அடித்தது. எல்லாரும் எழுந்து நின்றார்கள். "ஆண்டவருடைய தூதர் மரியாவுக்கு மங்களம் சொன்னார்" என்று சிஸ்டர் தெக்லா ஆரம்பித்தார். அந்த ஜெபம் அவ்வளவு நீளம் என்று பிபியானாவுக்கு அதுவரை தெரியாது.

ஆமென் சொன்ன வாய் மூடுவதற்குள் சொன்னாள்: "மாமா, எங்க வீட்டுல பொண்ணு தீர்ந்துபோச்சு."

"அதைத்தானே நான் இத்தனை நாளாத் தொண்டை கிழியக் கத்துறேன்" என்றார் மாமா.

பிபியானா அதற்கு மேல் ஒரு வார்த்தையும் பேசவில்லை. திரும்பி, அம்மா இலையிலிருந்து மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்த செராபினாவைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

முதலில் பிடித்துக்கொண்டவள் அத்தை கிரெசென்சியா. கையிலிருந்த கிழங்கை இலையில் வைத்தாள். "எங்கிட்ட ஆறு இருக்கு" என்றாள் மெதுவாக.

மாமாவின் முகம் கறுத்துச் சிவந்தது. "ஏய், வாயை மூடு. ஊரு என்ன..."

"நீ வாயை மூடு தம்பி." சொன்னது அப்பொலோனியா. அவள் இப்படிக் குரல் எடுத்து எத்தனையோ வருஷமாயிற்று. "இதுல நீ பேசவே கூடாது. பொண்ணுக்கு நீ அப்பன், எனக்குத் தம்பி. ரெண்டு பக்கமும் கால் வச்சிருக்கிறவனுக்கு இதுல வாய் கிடையாது. இருவாச்சி வீட்டுப் பொம்பள நான் கேக்கிறேன். கழுகு வீட்டுப் பொம்பள அவ சொல்லட்டும். கிரெசென்சியா, உன் கடைசிப் பொண்ணை எங்க வீட்டுக்குக் கொடுப்பியா?"

"ஏற்கெனவே உங்க வீட்டுலதானே தின்னு தின்னு வளர்ந்திருக்கா. நான் என்னத்தைப் புதுசாக் கொடுக்கிறது?" என்றாள் கிரெசென்சியா. சொன்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்கண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும். ஒரு பன்னியும் வேணும். நல்ல பன்னி."

மாமாவால் பொறுக்க முடியவில்லை. "பன்னி யாரு கொடுக்கிறது?"

"உனக்கு வாய் கிடையாதுன்னு சொன்னேன்" என்றாள் அப்பொலோனியா.

"ஒரு நிமிஷம்" என்றார் சிஸ்டர் தெக்லா, வாயில் மீனோடு. "அந்தப் பிள்ளையை யாராவது கேட்டீங்களா? வானதூதரே கேட்டுட்டுத்தான் செஞ்சாரு."

எல்லாரும் செராபினாவைப் பார்த்தார்கள். பிபியானா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, இருவாச்சி வீட்டுப் பெண்ணாக வர இஷ்டமா, அப்பாவும் அம்மாவும் இதே ஓடைக்கரையில்தான் இருப்பார்கள், ஆனால் அப்பா உனக்கு மாமா ஆகிவிடுவார் என்று எடுத்துச் சொன்னாள்.

செராபினா விரலில் ஒட்டியிருந்த மீனை நக்கினாள். "அந்தப் பாக்குக் கன்னைத் திரும்ப அங்கயே வைக்கலாமா?"

"வைக்கலாம்."

"யாரும் பிடுங்க மாட்டாங்களா?"

மாமா சட்டென்று எழுந்து, பாக்கு எச்சிலைத் துப்பப் போகிறவர் போல வாசலுக்குப் போனார். அவர் வாயில் பாக்கே இல்லை. நெடுநேரம் அங்கேயே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"யாரும் பிடுங்க மாட்டாங்க" என்றாள் பிபியானா.

"அப்ப ஆகட்டும்" என்றாள் செராபினா. "ஆனா அப்பாவை மாமான்னு கூப்பிட மாட்டேன்."

அடுத்த வாரம் பன்றி அடித்தார்கள். நிறையப் பேச்சு நடந்தது. கழுகு வீட்டு அண்ணனும் சம்மதித்தார். 'மெல்கியோர் வளைச்சுட்டான்' என்று ஒரு கிழவர் ஆரம்பித்தார். "கேட்டது நான், கொடுத்தது அவ, அவன் அன்னையிலிருந்து ஊமை" என்று அப்பொலோனியா சொன்னதும் கிழவர் பன்றிக்கறியைக் கவனிக்கப் போய்விட்டார். கன்று ஓடைக்கரையில் மறுபடி வேர் ஊன்றியது. செராபினா மட்டும் சொன்ன சொல்லில் நின்றாள். அப்பா அப்பா என்றே ஊர் முழுக்கக் கூப்பிட்டுத் திரிந்தாள்.

ஆகஸ்ட் பதினைந்து வந்தது. கோவில் நிறைய ஆட்கள். பிஷப்பான மேற்றிராணியார் வந்திருந்தார். பிபியானா பீடத்தின் முன் முழந்தாளில் இருந்தாள். "இந்தப் பெண்ணை யார் கொடுக்கிறார்கள்?" என்று மேற்றிராணியார் கேட்டபோது மெல்கியோர் மாமா எழுந்தார். புதுச் சட்டை, எண்ணெய் வைத்துச் சீவின தலை, பத்து நாளாக அடக்கி வைத்திருந்த பேச்சு.

"ஆண்டவரே, பெரியோரே" என்று ஆரம்பித்தார். "இயேசுசாமி சிலுவையில தொங்கும்போது கீழ பார்த்தாரு. அம்மா நிக்கிறாங்க. தனக்கு அப்புறம் அம்மா வீட்டுல யாரும் இல்லியேன்னு நெனச்சாரு. பக்கத்துல நின்ன பிள்ளையைக் காட்டி, 'இதோ உன் மகன்'னு கொடுத்தாரு. உயிர் போற நேரத்துலயும் அம்மா வீட்டை யோசிச்சவரு. அதே வழக்கத்தைத்தான் நாங்களும் செஞ்சிருக்கோம். என்ன, அவரு ஆம்பளப் பிள்ளையைக் கொடுத்துட்டாரு. அதால வீடு விளங்காது. அவரைக் குத்தம் சொல்லல. வலியில இருந்தாரு. எடுத்துச் சொல்லப் பக்கத்துல தாய்மாமனும் இல்ல."

மேற்றிராணியார் தலையைக் குனிந்துகொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. ஃபாதர் கெரெங்கா மேற்கூரையைப் பார்த்தார். மாமா இன்னும் பேசினார். ஓடையைப் பற்றி, பாட்டியின் பாட்டியைப் பற்றி, பன்றியின் எடையைப் பற்றி. பேசி முடித்து, முகத்தைத் துடைத்து, மனநிறைவோடு உட்கார்ந்துவிட்டார்.

எல்லாரும் அவரையே பார்த்துக் காத்திருந்தார்கள். பிபியானா முழந்தாளிலேயே இருந்தாள். வாயே திறக்கவில்லை. முன்வரிசையில் சிஸ்டர் தெக்லா கண்ணை உருட்டி உருட்டிப் பார்த்தார். மாமா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு தலையாட்டினார்.

அப்போது அப்பொலோனியாவின் மடியிலிருந்து ஒரு கை நீண்டு அவருடைய புதுச் சட்டையைப் பிடித்து இழுத்தது.

"மாமா" என்றாள் செராபினா. கோவில் முழுக்கக் கேட்டது. "மாமா, நீங்க இன்னும் சொல்லவே இல்ல."

மாமா அவளைப் பார்த்தார். மெல்ல எழுந்தார். ஊரிலேயே பெரிய குரல் அவருடையது. கடைசி வரிசையில் இருந்தவர்கள் கையைக் காதில் குவித்துக்கொண்டு முன்னால் சாய வேண்டியிருந்தது.

"கொடுத்தோம்" என்றார்.